இருநூற்றுப் பன்னிரண்டு பரவாயில்லை

ஜூன் 12, திங்கள்

இப்படி ஒருநாள் நடக்கும் என்று நான் மார்ச் மாதமே சொல்லியிருந்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை. எட்டாவது படித்த சென்னியப்பன் சொன்னால் எவன் காதில் ஏறும்? எட்டாவதை நான் இரண்டு தடவை படித்தவன், அந்தக் கணக்கில் ஒன்பது என்பது இவர்களுக்குத் தெரியாது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் உதவும்.

காலை பத்து மணிக்கு மேனேஜர் ஜோதிலிங்கம் சார் சோதனை அறைக்குள் வந்தார். தினமும் வாசலில் நின்றபடியே "எத்தனை முடிஞ்சுதுங்ணா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர், இன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஏதோ விஷயம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. இருபத்தெட்டு வருடம் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் நின்றவன். ஒரு ஜப்பான்காரன் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அப்படிப்பட்டவன் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நம்முடைய சிரிஞ்சு பம்ப் ஒன்று காலை வாரிவிட்டது. மருந்தை மணிக்கு இத்தனை என்று அளந்து, குழாய் வழியாக நோயாளியின் ரத்தத்தில் தள்ளுகிற சின்னப் பெட்டிதான் சிரிஞ்சு பம்ப். குழாய் மடங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற பிரஷர் சென்சார் அதை உணர்ந்து சொல்ல, பெட்டி பீப் பீப் என்று கத்த வேண்டும். அங்கே கட்டில் கம்பியில் குழாய் மடங்கியிருக்கிறது. மருந்து போகவில்லை. பெட்டி கத்தவில்லை. நாற்பது நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. படுத்திருந்தது முப்பத்தொரு வயதுப் பெண், பிரசவமாகி மூன்றாம் நாள்.

"உசுருக்குங்க?" என்றேன்.

"இருக்குது. நினைவு இல்லை." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பம்ப் நம்பர் 447. மார்ச் ஒம்பது, இந்த அறையிலதான் சோதனை ஆயிருக்குது."

இந்த அறையில் சோதிக்கிறவன் நான் ஒருவன்தான்.

"நான் அப்பவே சொன்னேனுங்களே சார்" என்றேன்.

"என்ன சொன்னீங்க? யார்கிட்டச் சொன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேனுங்க."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மனிதர்கள் வியந்தால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்தக் கம்பெனியில் சோதனைக்கான கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் தாரணி. என் அக்கா மயிலாத்தாவின் ஒரே மகள். அத்தான் போன பிறகு அவளை இன்ஜினீயர் ஆக்கியது நான்தான். ஸ்காலர்ஷிப்பும் கொஞ்சம் உதவியது. மோட்டார் கம்பெனியை மூடியபோது என்னை இங்கே சேர்த்துவிட்டவள் அவள். "பம்புன்னா பம்புதானே மாமா, வாங்க" என்றாள்.

சிறுவாணித் தண்ணீர் நாளை வரும். குடத்தைக் கழுவி வைக்க வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. வராது என்று நேற்றே எனக்குத் தெரியும்.

ஜூன் 14, புதன்

அந்தப் பெண் இறந்துவிட்டாள். பெயர் விஜயராணி என்று ஜோதிலிங்கம் சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பெயரை எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மத்தியானம் தயிர் சாதம். பாதியை வைத்துவிட்டேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 16, வெள்ளி

தாரணி இரண்டு நாளாக என் மேசையிலேயே உட்கார்ந்து சோதனையைத் திருத்தி எழுதுகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் பக்கத்தில் இருந்து யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி யோசனை என்னுடையதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இதில் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. முதலில் நான் பஸ் ஓட்டுகிறவர் என்று நினைத்தேன். கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற மென்பொருளாம் அது. நான் அதைக் கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வீடு, சென்சார் பெண் வீடு. "சென்சாரே, இருக்கிறாயா?" என்று தரகர் போய்க் கேட்டு வந்து சொல்வார். இதைத் தாரணியிடம் சொன்னேன். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"உங்க தரகர் பொய் சொல்லலை மாமா" என்றாள். "சென்சார் பதில் தரலைன்னு மூணு தடவையும் வந்து சொல்லியிருக்குது. நான் எழுதின சோதனைதான் அதைக் காதுல வாங்கலை."

"சோதனைக்குக் காது எங்க கண்ணு இருக்குது?"

அதற்கும் சிரிக்கவில்லை.

பழைய சோதனையில், சென்சார் பதில் சொல்லாவிட்டால் திரையில் ஒரே வரிதான் வரும். 'பதில் இல்லை. குறிப்பு எழுதவும்.' கீழே ஒரு கட்டம். ஏன் பதில் இல்லை, என்ன கோளாறு, ஒன்றும் காட்டாது. ஆரம்பத்தில் மேசையில் இருந்த கேபிள் லூசாக இருந்ததால் நல்ல பம்புக்கும் அந்த வரி வந்து வந்து வேலை நின்றது. கேபிளை அமுக்கிவிட்டு, என்ன செய்தோம் என்று கட்டத்தில் எழுதினால் சோதனை மேலே போகட்டும் என்று தாரணி வைத்திருந்தாள். கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நிரல் பார்ப்பதில்லை. ஏதாவது இருந்தால் போதும், மூன்று தடவை ஆனதும் 'தேர்ச்சி' என்று போட்டுவிடும்.

"அது என் தப்பு" என்றாள். "பிழைன்னா அங்கயே நிக்கோணும். நான் அதுக்குப் பின்கதவு வெச்சுட்டேன்."

புதியதில் பின்கதவு இல்லை. பதில் வராவிட்டால் திரை சிவக்கிறது. காரணத்தை எண்ணோடு சொல்கிறது. 'பிழை -110. குறித்த நேரத்தில் சென்சார் பதில் தரவில்லை.' அதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நகராது. இன்னொருவர் வந்து பார்த்துத் தன் பெயரைப் பதிந்தால்தான் உண்டு. மைனஸ் நூற்றுப்பத்து. நல்ல எண், மனதில் நிற்கிறது.

மேசையைத் துடைக்கும்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு பேரிங்கைக் கையில் எடுத்தாள். பழைய மோட்டாரில் இருந்து நான் கொண்டுவந்தது, கால் கிலோ இருக்கும்.

"இது எதுக்கு மாமா?"

"காகிதம் பறக்காம இருக்கத்தான் அம்மிணி."

அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஏசி அறையில் காகிதமும் கிடையாது, காற்றும் கிடையாது. மேசையைத் துடைத்து முடித்தாள்.

ஜூன் 17, சனி

பெங்களூரிலிருந்து விசாரணைக்கு வித்யா என்று ஒரு மேடம் வந்திருக்கிறார். தமிழ் புரியும், பேசும்போது கொஞ்சம் தடுக்கும். கூட்ட அறையில் ஜோதிலிங்கம் சார், தாரணி, பேக்கிங் பிரிவு பர்வீன், நான். பர்வீன்தான் பம்புகளை அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்புகிறவள். மேடத்துக்கு என்னைப் பார்த்ததுமே ஒரு மரியாதை வந்துவிட்டதைக் கவனித்தேன். நாற்காலியைக் காட்டினார்.

447இன் பதிவைத் திரையில் போட்டார்கள். மூன்று தடவை பதில் இல்லை. மூன்று தடவையும் குறிப்புக் கட்டத்தில் ஒரே வார்த்தை: பரவாயில்லை.

"இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்றார் மேடம்.

ஜோதிலிங்கம் சார் முந்திக்கொண்டார். "ஓரளவு நல்லா இருக்குன்னு அர்த்தம் மேடம். திருப்தின்னு வெச்சுக்கலாம்."

"அப்ப சென்சார் பதில் சொல்லலை, ஆனா திருப்தி?"

"அதில்ல மேடம்" என்றாள் பர்வீன். "கால மிதிச்சிட்டு சாரி சொன்னா, நாம பரவாயில்லேன்னு சொல்லுவோமில்ல? விடு, போகட்டும்னு. அதுக்கும் இதே வார்த்தைதான்."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "ஒரே வார்த்தையா? நல்லா இருக்குன்னாலும் இது, போனா போகட்டும்னாலும் இதா?"

"அட, ஆஸ்பத்திரிலயே அப்படித்தானுங்க" என்று நான் விளக்கினேன். "நோயாளியப் பார்க்கப் போனா எப்படி இருக்குதுங்கன்னு கேப்போம். பரவாயில்லீங்கம்பாங்க. அதுல தேவலைன்னும் இருக்கும், தலையெழுத்துன்னும் இருக்கும். தமிழோட அழகு மேடம் அது."

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க எழுதினது எந்த அர்த்தத்துல?"

"சந்தர்ப்பத்தைப் பொறுத்துங்க."

மேடம் பட்டியலைக் கீழே இழுத்தார். ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பம்ப். எல்லாவற்றிலும் அதே வார்த்தை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டலாம் என்று நினைத்தேன், அதற்குள் தாரணி பேசிவிட்டாள்.

"போன தடவை எழுதின குறிப்பு கட்டத்துலயே நிக்கற மாதிரி நான்தான் மேடம் மாத்தினேன். டைப் அடிக்கச் சிரமமா இருக்குதுன்னு சொன்னாங்க."

யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். விரலுக்குத் தமிழ் வராது கண்ணு என்று பொங்கலுக்கு முந்தின வாரம் சொன்னேன். ஆக நான் அந்த வார்த்தையை டைப் அடித்தது ஒரே ஒரு தடவைதான்.

"நேரத்தைப் பாருங்க" என்றார் மேடம். "பதினொண்ணு பன்னிரண்டு, நாலு செகண்ட். அஞ்சு செகண்ட். ஆறு செகண்ட். செகண்டுக்கு ஒரு தடவை என்டர். இதுல கேபிளை எப்ப அமுக்கினீங்க?"

"எனக்குக் கை வேகமுங்க" என்றேன்.

அப்புறம் நான் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மேடம், நான் தினமும் டைரி எழுதுகிறவன், மார்ச்சிலேயே இதைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மேடம் கண் விரிந்தது. திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

ஜூன் 18, ஞாயிறு

மத்தியானம் முழுக்க வீட்டில் வேலை. பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அப்புறம் தேதி போட்ட கம்பெனி டைரியை எடுத்தேன். மார்ச் 9 பக்கம் காலியாக இருந்தது. அன்றைக்கு மறந்திருக்கிறேன். நினைவில் இருந்ததை இன்றைக்கு எழுதிப் பூர்த்தி செய்தேன். இதில் தவறு ஒன்றும் இல்லை, கோயில் கல்வெட்டுகூட நடந்து முடிந்த பிறகு வெட்டுவதுதான்.

பின்னால் யாராவது கேட்டால் முன்னுக்குப் பின் மாறிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டில் வைத்திருக்கும் இந்த நோட்டிலும் ஒரு பிரதி:

'மார்ச் 9, வியாழன். இன்று 447ஆம் பம்பைச் சோதிக்கும்போது திரையில் பிழை -110 வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. இது சாதாரணக் கேபிள் கோளாறு இல்லை, ஒருநாள் ஒரு உயிருக்கு ஆபத்தாக முடியும் என்று என் உள்மனம் சொன்னது. உடனே தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, பரவாயில்லை மாமா, அனுப்புங்க என்றாள். இன்ஜினீயர் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்? கனத்த மனதுடன் அனுப்பினேன்.'

நல்ல கோவையாக வந்திருக்கிறது. பேனா மட்டும் வேறு நிறமாகிவிடும் போலிருந்தது, பழைய நீலப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

சந்தேகம் வந்த பிறகும் ஏன் அனுப்பினாய் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பெரியவர் வேண்டும். ஜோதிலிங்கம் சார் பெயரைப் போட்டால் நாளைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார். தாரணி வீட்டுப் பிள்ளை. கோபித்துக்கொள்ள மாட்டாள். பெரிதாக ஒன்றும் சொன்னதாக எழுதவும் இல்லையே, பரவாயில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 19, திங்கள்

பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். மேடம் இரண்டு தடவை படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

ஜூன் 20, செவ்வாய்

நான்கு மணிக்கு எதிர் பேக்கரியில் டீ. பக்கத்தில் ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும், ஒரு வாரம் மழிக்காத முகம், கையில் மஞ்சப்பை. எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங், ஆஸ்பத்திரிக்கு மிசின் பண்ற கம்பெனி இதுதானுங்களா?"

"இதேதானுங்க."

"நீங்க உள்ள வேலை பண்றீங்களாங்க?"

பேக்கரியில் நான்கு பேர் இருந்தார்கள். "வேலையா?" என்றேன். "என்ர கையத் தாண்டாம ஒரு பம்பும் அந்த கேட்டைத் தாண்டாதுங்க. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். நான் சரீன்னாத்தான் சரி."

அவர் டீயைக் கீழே வைத்தார். என் வலது கையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ரேகை பார்க்கிற மாதிரி.

"நான் நசியனூருங்க. தறி ஓட்டறேன். விஜயராணி வூட்டுக்காரன்."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அதை உள்ளபடி எழுதுகிறேன்.

"அந்த மிசினு நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்களா பார்த்தீங்க?"

"நிறையப் பேரு பார்ப்பாங்க" என்றேன்.

"புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கலீங்க" என்றார். கையை விட்டார். நடந்து போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். டீயைக் குடிக்கவே இல்லை.

ஜூன் 21, புதன்

தாரணியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த நசியனூர்க்காரர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். கம்பெனி தன் பதிலில், கோளாறு தெரிந்தும் அனுப்பச் சொன்னது இன்ஜினீயர் தாரணி என்று எழுதி, என் மார்ச் 9 பக்கத்தை இணைத்திருக்கிறது.

சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். தாரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "காப்பி வெக்கட்டுங்களா மாமா?" என்றாள்.

"வேண்டாம் சாமி."

"மார்ச்ல திரையில மைனஸ் நூத்திப்பத்து வந்துச்சுங்களா?"

"வந்துச்சே. என்ர ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அந்த நம்பரைத் திரையில காட்டற மாதிரி நான் எழுதினது பதினாறாந் தேதி மாமா. இந்த மாசம் பதினாறு. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

நான் ஃபேனைப் பார்த்தேன். தூசி படிந்திருந்தது. துடைத்துக் கொடுக்கலாம் என்று சொன்னேன்.

"அந்த பேரிங் என்ர பையில இருக்குது" என்றாள். "அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன். என்டர் மேல வெச்சுட்டு வெளிய போயிருவீங்க, இல்லீங்களா? மேடம் கேட்டாங்க, மேசையில வேற ஏதாச்சும் இருந்துச்சான்னு. இல்லைன்னுட்டேன்."

"ஏன் கண்ணு?"

"சொன்னா உங்களைக் கொண்டுபோய் உள்ள வெப்பாங்க. அம்பத்தாறு வயசுல, சர்க்கரையை வெச்சுக்கிட்டு." அடுத்த துணியை எடுத்தாள். "பின்கதவு வெச்சது நானுந்தான. அந்த அளவுக்கு வர்றதை நான் வாங்கிக்கறேன். ஆனா நான் பார்த்தேன், பார்த்தும் அனுப்பச் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. அதுதான் மாமா."

காப்பி குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை பார்த்தேன்.

ஜூன் 23, வெள்ளி

ஜோதிலிங்கம் சார் தோளில் கை போட்டார். "உங்க டைரி இல்லைன்னா கம்பெனியே மாட்டியிருக்கும்ணா" என்றார். அடுத்த மாதத்திலிருந்து நான் மூத்த சோதனையாளராம். இப்படி ஒரு பதவியை நான் முப்பது வருடமாகப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன், இப்போதுதான் உண்மையிலேயே வருகிறது. பர்வீனிடம் சொன்னேன். அவள் டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டே இருந்தாள். "சந்தோசங்ணா" என்றாள், பெட்டியைப் பார்த்து.

ஜூன் 24, சனி

ஆஸ்பத்திரிகளில் இருந்து பம்புகள் திரும்பி வர ஆரம்பித்திருக்கின்றன. முதல் லோடில் முப்பத்தெட்டு. தாரணியின் புதிய சோதனையில் நான்தான் ஓட்டினேன். முப்பத்திரண்டு நல்லவை. அன்றைக்குக் கேபிள்தான் லூசாக இருந்திருக்கிறது. ஏழாவது பம்பில் திரை சிவந்தது. என்டரை அமுக்கிப் பார்த்தேன். நகரவில்லை. பலமாக அமுக்கினேன். அப்படியே நின்றது. பர்வீனைக் கூப்பிட்டு, அவள் வந்து பார்த்து, பெயரைப் பதிந்து, பம்பைத் தனியாக வைத்த பிறகுதான் அடுத்தது.

சாயந்திரத்துக்குள் ஆறு பம்ப் அப்படி. ஒன்றின் மேல் ஒரு குழந்தைகள் வார்டின் ஸ்டிக்கர் இருந்தது. கிழியாமல் உரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

காலையில் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். எனக்கு அக்கா திட்டுவது புதிதில்லை. நாற்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் "போடா புளுகா" என்பவள். என் கல்யாணத்தன்றே பெண் வீட்டாரிடம், இவன் சொல்வதில் கால்வாசியை நம்புங்கள் போதும் என்று சொன்னவள்.

"ஏன்டா சென்னியா, என்ர புள்ள அப்படிச் சொன்னாளாடா?" என்றாள்.

நான் அவள் செருப்பைப் பார்த்தேன்.

"கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. சோறு திங்க மாட்டேங்கறா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நீ ஆயிரம் அளப்ப. ஆனா அவ விசயத்துல பொய் சொல்ல மாட்ட. உசுரையே வெச்சிருக்கற. நீ எழுதியிருந்தா அது நடந்துதான் இருக்கோணும். அப்பன் இல்லாத புள்ள, வேலை போயிரும்னு அவசரப்பட்டு அனுப்பச் சொல்லிட்டா போல. அவளுக்கு நாந்தான் புத்தி சொல்லாம விட்டுட்டேன்."

என்னைத் தேற்றுகிற மாதிரி முழங்கையைத் தொட்டாள். "நீ மனசக் கெடுத்துக்காத. நீ உள்ளதத்தான எழுதின."

என்னை இதுவரை முழுதாக நம்பியவர்கள் யாரும் கிடையாது. இதை நான் வேறு எங்கேயும் எழுதியதில்லை. இன்றைக்கு ஒருத்தி நம்பினாள்.

அவள் போன பிறகு மூன்று இட்லி வைத்தேன். மூன்றும் அப்படியே இருக்கின்றன.

ஜூன் 26, திங்கள்

வித்யா மேடம் பெங்களூர் கிளம்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கம் சாரும் இருந்தார். மார்ச் 9 பக்கத்தை நான் எழுதியது இந்த மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.

ஜோதிலிங்கம் சார் எழுந்துவிட்டார். "சென்னியப்பண்ணே, உடம்பு சரியில்லீங்களா? வாங்க, வெளிய போலாம்."

மேடம் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். "நீங்க அவங்க மாமா. கேஸ் வந்ததும் அவங்களைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்க. புரியுது. ஆனா எழுதினது எழுதினதுதான்."

இத்தனை வருடம் எத்தனை புளுகு. ஜப்பான்காரனை நம்பினார்கள், மந்திரி வீட்டு மோட்டாரை நான் சரிசெய்த கதையை நம்பினார்கள். உண்மை ஒன்றைச் சொல்ல வந்தால், மாமனாகிவிட்டேன்.

"மேடம், பழைய சோதனை இன்னும் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அதை ஓட்டுங்க. கேபிளப் புடுங்கிட்டு ஓட்டுங்க. என்ன வருதுன்னு பாருங்க."

மூவரும் சோதனை அறைக்குப் போனோம். கேபிளை நானே பிடுங்கினேன். திரையில் ஒரு வரி. பதில் இல்லை. குறிப்பு எழுதவும். மேடம் காத்திருந்தார். எண் எதுவும் வரவில்லை. கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மறுபடி ஜெராக்ஸைப் பார்த்தார்.

"மைனஸ் நூத்திப்பத்துன்னு எழுதியிருக்கேனுங்களே, அதை நான் பார்த்தது இந்த மாசம்" என்றேன். "தாரணி புதுசா எழுதும்போது."

ஜோதிலிங்கம் சார் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பேரிங்கைப் பற்றியும் சொன்னேன். அது இப்போது எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அது பொய்தான், ஆனால் அது ஒன்று மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் பையைப் போய் யாரும் தேடக் கூடாது.

"அப்ப மார்ச் ஒம்பது, பதினொண்ணு பன்னிரண்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கேட்டுலங்க. வாட்ச்மேன் ஆறுச்சாமிகிட்டக் கதை பேசிக்கிட்டு இருந்தேன்."

"என்ன கதை?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஆறுச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அது மட்டும் நினைவிருக்கிறது. சிரித்து முடிக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது, வரிசையாக மாட்டிவிட்டுப் போன பத்துப் பம்பும் திரையில் தேர்ச்சி என்று இருந்தது. பேரிங்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பத்தை மாட்டினேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீசுக்கும் இதன் பிரதி போகும் என்றார். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்களாம், ஊரை விட்டுப் போகக் கூடாதாம். தாரணியை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். தன் கையில் இல்லை, ஆனால் டைரியில் இருக்கிற அந்த வரி போய்விட்டால் வழக்கு வேறு மாதிரி ஆகும் என்றார்.

அங்கே எழுதியதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. திரையில் என்ன வந்தது என்று பார்க்கவும் இல்லை. தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் பரவாயில்லை மாமா என்றாள் என்பது நான் இட்டுக்கட்டியது.